மேசையில் கறை பட்டால்...



மனிதர் வாழும் வீடு என்றால் கறை படாமல் இராது. சமைக்கும் இடத்தில் எண்ணெய் தெறிக்கும். பிள்ளைகள் எழுதும் இடத்தில் மை சிந்தும். பெரியவர்கள் உட்காரும் இடத்தில் வெற்றிலைச் சாறு சொட்டும். துணியில் பட்ட கறைக்கு நம் தாய்மார்கள் ஆளுக்கொரு கைமுறை வைத்திருக்கிறார்கள். ஆனால் மரத்தில் பட்ட கறைக்கு என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலோர் சோப்புத் தண்ணீரையும் இரும்பு நாரையும்தான் தேடுகிறார்கள். இவ்விரண்டுமே பல சமயங்களில் கறையை இன்னும் ஆழமாக்கிவிடும்.

வார்னிஷ் பூசிய மேசையில் சிந்தியதைத் துடைத்து எடுத்துவிடலாம். வார்னிஷும் சாயமும் பூசாத வெறும் மரம் அப்படியன்று. சிந்தியதை அது குடித்துவிடும். நம் வீடுகளில் இத்தகைய வெறும் மரச் சாமான்கள் ஏராளம். வார்னிஷ் பூசாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய மேசை, பழைய பலகையை அறுத்துத் தோட்டத்துத் தச்சர் செய்து கொடுத்த பெஞ்சு, சாமி மேடை, அடுப்படிப் பலகை, சப்பாத்திக் கட்டை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் பட்ட கறையை எப்படிப் போக்குவது என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அனைவருக்கும் சேர்த்து இம்மாதம் பதில் சொல்கிறேன்.

பால்மரமே மேசையானது

இன்று கடையில் வாங்கும் வெளிர்நிற மர மேசைகளில் பல, நாம் பால் வெட்டிய அதே மரத்தினால் செய்யப்பட்டவை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில கன்றுகளிலிருந்து இந்நாட்டில் பால்மரத்தின் கதை தொடங்குகிறது. பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டவையும் அந்தக் கன்றுகளைச் சேர்ந்தவைதாம். ஒரு மரம் ஏறத்தாழ இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுக்கும். பிறகு அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்த நாளில் வெட்டிய மரம் விறகுக்குத்தான் போயிற்று. ரப்பர் ஷீட்டுகளைக் காயவைத்த புகைக்கூடத்தில் எரிந்ததும் அதே மரந்தான்.

அந்த மரத்தை மேசை நாற்காலிக்குப் பயன்படுத்த முடியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பால்மரத்தில் மாச்சத்தும் சர்க்கரைச் சத்தும் அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். வெட்டியவுடன் அறுத்து, போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது கெடாது என்று கண்டறிந்த பிறகுதான் அதன் மதிப்பு உயர்ந்தது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் இதில் நெடுங்காலம் உழைத்தது. 1980-களில் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. இன்று ஜோகூர் மாநிலத்து மூவார் நகரம் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போரான் மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. வெறும் பால்மர மேசையை முற்றத்தில் போட்டுக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவினால், அடிக்கடி ஊறவைத்தால், அழுக்கோடு மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும். பிறகு பூஞ்சணமும் வண்டும் வந்து குடியேறும். ஆகவே வெறும் மரத்தைக் கழுவாதீர்கள். பிழிந்த துணியால் துடையுங்கள். இன்றைய பாடத்தில் முதல் விதி இதுதான்.

மரம் எப்படிக் கறையைக் குடிக்கிறது?

ஒரு கரும்புத் துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நுண்ணிய துளைகள் நெருக்கமாகத் தெரியும். மரமும் அப்படித்தான். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய குழாய்களே பலகையில் கோடு கோடாகத் தெரிகின்றன. அதைத்தான் இழை என்கிறோம். மேலே ஒன்றும் பூசாதபோது அந்தத் துளைகள் திறந்தே கிடக்கும். எண்ணெயோ காப்பியோ விழுந்தால் உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறோமோ அவ்வளவு ஆழம் இறங்கும்.

எனவே எது சிந்தினாலும் முதல் நிமிடமே முக்கியம். காய்ந்த பருத்தித் துணியையோ காகிதத்தையோ மேலே வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் காசு அளவு இருந்த கறை தட்டளவு பரவும்.

கறை காய்ந்துபோன பிறகு கவனித்தால் அவசரப்பட வேண்டியதில்லை. அது என்ன கறை என்று முதலில் கண்டுபிடியுங்கள். மஞ்சள் கறைக்குச் செய்வதை எண்ணெய்க் கறைக்குச் செய்தால் பலன் இராது. எந்த மருந்தையும் மேசையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே தொட வேண்டும். துடைப்பதானாலும் இழைக்கப்பதானாலும் இழையின் போக்கிலேயே கை போக வேண்டும். குறுக்கே போனால் கீறல் விழும். எளிய முறையில் தொடங்குங்கள். அது பயன்படாவிட்டால் மட்டும் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

எண்ணெய்க் கறை

சாமி மேடையில் விளக்கெண்ணெய், அடுப்படிப் பலகையில் தேங்காயெண்ணெய், நாற்காலி முதுகில் தலையெண்ணெய் ஆகிய மூன்றுக்கும் ஒரே முறைதான்.

கறையின் மேல் முகப்பவுடரையோ சோளமாவையோ கனமாகத் தூவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். காலையில் பழைய பல் துலக்கியால் இழையின் போக்கில் துடைத்துவிட்டு மறுபடியும் தூவுங்கள். இரண்டு மூன்று இரவுகள் செய்தால் புதிய கறை பெரும்பாலும் வெளிறிவிடும்.

பழைய கறையானால் அதன் மேல் பழுப்புக் காகிதத்தை மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் மெல்ல நகர்த்துங்கள். சூட்டில் இளகும் எண்ணெய் காகிதத்தில் ஏறும். காகிதத்தை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மெழுகுவர்த்தி உருகி விழுந்த இடத்துக்கும் இதுவே வழி. ஆனால் அதற்கு முன் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மெழுகின் மேல் வைத்து, அது இறுகியதும் பழைய வங்கி அட்டை ஒன்றால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் நிழல்போலத் தெரிந்தால் டர்பன்டைனைத் துணியில் நனைத்து ஒற்றியெடுக்கலாம். அது தீப்பற்றக்கூடியது. அடுப்பும் சாமி விளக்கும் எரியும் இடத்தில் திறக்கவே கூடாது. டர்பன்டைன் தடவிய இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவும் கூடாது.

மஞ்சள் கறை

நம் வீட்டில் அதிகம் படும் கறை மஞ்சள் கறைதான். சாம்பாரிலும் மீன்குழம்பிலும் பிரட்டலிலும் மஞ்சள் இல்லாமல் இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தவுடன் கறை சிவந்துபோய்ப் பயந்தவர்கள் பலர். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும். நம் முன்னோர் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்ததும், ஆரத்தி கரைத்ததும் இந்தக் குணத்தினால்தான். எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மறுபடி மஞ்சளாகும். பள்ளியில் அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் கைதட்டி மகிழ்கிறார்கள்.

மஞ்சளின் நிறத்துக்குப் பகைவன் வெயில். ஈரத் துணியால் மேலே உள்ள பிசுக்கைத் துடைத்துவிட்டு, எண்ணெய் இருந்தால் முன்சொன்னபடி மாவு தூவி எடுத்துவிட்டு, மேசையை வெயிலில் வையுங்கள். கறை தானாகவே வெளிறும். ஆனால் நாள் முழுவதும் வெயிலில் போட்டால் பலகை வளையும், வெடிக்கும். காலை வெயிலில் இரண்டு மணி நேரமாகச் சில நாட்கள் வைத்தால் போதும். கறை பட்ட இடத்தை மட்டும் காட்டாமல் பலகை முழுவதும் வெயில் படும்படி வையுங்கள். இல்லையென்றால் நிறம் திட்டுத் திட்டாக மாறும்.

காப்பி, தேநீர், தண்ணீர் வட்டம்

தண்ணீர்க் குவளை வைத்த இடத்தில் வட்டமாகக் கோடு விழுந்தால், அந்த வட்டத்தைத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். நன்றாகப் பிழிந்த துணியால் மேசையின் மேற்பலகை முழுவதையும் ஒரே சீராக ஈரப்படுத்தி, நிழலில் காற்றாட உலர விடுங்கள். ஈரம் எங்கும் ஒரே மாதிரி காய்வதால் வட்டத்தின் விளிம்பு மங்கிவிடும்.

காப்பி, தேநீர்க் கறைக்கு மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஏற்றது. பஞ்சில் நனைத்துக் கறையின் மேல் அரைமணி நேரம் வைத்து எடுங்கள். பிறகு ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். ஒரே தடவையில் போகாது. மறுநாள் மீண்டும் செய்யலாம். அது மரத்தின் நிறத்தையும் சற்று வெளுக்கும். ஆகவே கறையின் மேல் மட்டும் வையுங்கள்.

மைக்கறை

பால்பாயிண்ட் பேனா மைக்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட் நல்லது. பஞ்சைச் சிறிதாக உருட்டி, நனைத்து, பிழிந்து, கோட்டின் மேல் ஒற்றுங்கள். ஒற்றிய பஞ்சில் மை ஏறும். ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு எடுக்க வேண்டும். அழுக்கான பஞ்சையே மீண்டும் வைத்தால் எடுத்த மையைத் திரும்பக் கொடுத்ததாகிவிடும். ஸ்பிரிட்டும் தீப்பற்றும் பொருள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மைக்கறை என்றதும் ஒரு பிள்ளையின் நினைவு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். எழுதினாலும் எழுத்து நெளிந்து கிடந்தது. கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். காலில் தழும்பு தெரிந்தது. மாலையில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கூடத்தில் புது மேசை ஒன்று பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுப் பத்திரமாக இருந்தது. பையன் தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்தான்.

"ஞாயிற்றுக்கிழமையும் காட்டுக்குப் போய்ச் சேர்த்த காசு டீச்சர். இவன் படிக்கணும்னுதான் வாங்கினோம். ரெண்டாம் நாளே பேனாவால கிறுக்கிட்டான். அடிச்சிட்டேன். இனிமே மேசைகிட்டவே போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றார் அந்தத் தாய். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. அவர் கோபத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். வெயிலில் நின்று சம்பாதித்த காசின் அருமை அந்தக் கைகளுக்குத்தான் தெரியும்.

ஆனால் யாருக்காக வாங்கிய மேசையோ அவன் தரையில் கிடந்தான். மறுநாள் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துப் போனேன். பையன் கையிலேயே பஞ்சைக் கொடுத்து ஒற்றச் சொன்னேன். முக்கால்வாசி மை பஞ்சில் வந்தது. மீதியை அவன் தகப்பனார் மணல்தாளால் இழைத்துவிட்டார். உற்றுப் பார்த்தால் மட்டும் ஒரு நீல நிழல் தெரிந்தது. "இது இருந்துட்டுப் போகட்டும் டீச்சர்," என்று அந்தத் தாய் பிளாஸ்டிக் விரிப்பைத் தம் கையாலேயே சுருட்டி வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து பையனின் எழுத்து நிமிர்ந்துவிட்டது.

பெற்றோர்களே, பிள்ளை எழுதும் மேசையில் மை சிந்தாமல் இராது. மேலே ஒரு பழைய நாட்காட்டித் தாளை விரித்துக் கொடுங்கள். சிந்திவிட்டால் அவனையே துடைக்கச் சொல்லிக் கற்றுக்கொடுங்கள். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை கறையை மறைப்பான். கற்றுக்கொண்ட பிள்ளை உடனே வந்து சொல்வான். உடனே சொன்னால் கறையும் எளிதில் போகும்.

பால்கறையும் வெற்றிலைக் கறையும்

ரப்பர் பால் மரத்தில் சிந்தினால் வெந்நீர் ஊற்றாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, விளிம்பை நகத்தால் கிளப்பி, விரலால் உருட்டினால் உரிந்து வரும். துளைக்குள் இறங்கியது சிறிது பழுப்பாக நிற்கும். அதை மணல்தாளால்தான் எடுக்க வேண்டும்.

வெற்றிலைக் கறை பிடிவாதமானது. பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்தச் செந்நிறத்தைத் தருகின்றன. எலுமிச்சைச் சாற்றால் ஒற்றித் துடைத்து உலரவிட்டு, மறுநாள் பெராக்சைடு வைத்துப் பாருங்கள். நாள்பட்ட கறை மங்குமே தவிர முழுவதும் போகாது.

கருப்புக் கறை

ஆணி அடித்த இடத்தைச் சுற்றியும், ஈரமான இரும்புச் சட்டி வைத்த இடத்திலும் கருநீலமாகக் கறை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் இதைத் தீய்ந்துபோனதாக நினைக்கிறார்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கலந்து உண்டாகும் நிறம் அது. நம்பாவிட்டால் திக்கான சாயத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். மறுநாள் மையாகக் கறுத்திருக்கும். துவர்ப்பு மிகுந்த மரங்களில் இது அதிகம், பால்மரத்தில் குறைவு. ஈர மரத்தை இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். நாரின் தூள் துளைகளில் தங்கி ஊர்ப்பட்ட கருப்புப் புள்ளிகளை உண்டாக்கும்.

இந்தக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலந்தான் மருந்து. நம் கொல்லைப்புறத்திலேயே அது காய்த்துத் தொங்குகிறது. மலாய்க்கார அண்டைவீட்டார் பெலிம்பிங் பூலோ என்று சொல்லி மீன் சமையலில் போடும் புளித்த காய் இருக்கிறதே, அதில் இந்த அமிலம் நிறைய உண்டு. கிரிஸ் கத்தியின் துருவைப் போக்க மலாய்க்காரர்கள் அதைப் பயன்படுத்துவது வழக்கம். காயை இடித்துச் சாறெடுத்துக் கறையின் மேல் துணியில் நனைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு சுத்தமான ஈரத் துணியால் மூன்று முறை துடைத்து எடுங்கள். சிறிய கறைக்கு எலுமிச்சையும் உப்பும்கூடப் பயன்படும்.

பெரிய கறைக்கு இரும்புச்சாமான் கடையில் ஆக்ஸாலிக் அமிலத் தூள் கிடைக்கும். ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். அது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடாதீர்கள். உணவு வைக்கும் பலகைக்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம். நன்றாகத் துடைக்காமல் காய்ந்த பலகையை இழைத்தால் அதன் தூள் மூக்கிலும் தொண்டையிலும் எரியும்.

பூஞ்சணமும் நீலக் கோடும்

மழைக்காலத்தில் மேசையின் அடிப்பக்கத்தில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பூக்கும். அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள். இளைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வெளியே எடுத்துச் சென்று, மூக்கை மூடிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, வெயில் காட்டுங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்தாதவரை எத்தனை முறை துடைத்தாலும் பூஞ்சணம் திரும்பி வரும்.

புது மேசையிலேயே நீலச்சாம்பல் நிறத்தில் கோடு ஓடியிருந்தால் அது நீங்கள் படுத்திய கறையன்று. மரம் பச்சையாக இருந்தபோது உள்ளே ஏறிய ஒருவகைப் பூஞ்சணத்தின் நிறம். உலர்ந்த மரத்தில் அது மேலும் பரவாது. மேசையின் பலமும் பெரிதாகக் குறைந்துவிடாது. எவ்வளவு இழைத்தாலும் அது போகாது, பலகைதான் தேயும். வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

மணல்தாள்

எந்த முறையிலும் போகாத கறையை இழைத்துத்தான் எடுக்க வேண்டும். தாளின் பின்புறத்தில் எண் இருக்கும். எண் சிறியதானால் தாள் சொரசொரப்பு, பெரியதானால் மிருது. 120-இல் தொடங்கி, 180-க்குப் போய், 240-இல் முடியுங்கள். தாளை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்தால் அழுத்தம் சமமாக இருக்கும். கறையுள்ள இடத்தை மட்டும் இழைத்தால் அங்கே குழி விழும். சுற்றிலும் பரவலாக இழைத்துக்கொண்டு போங்கள். மரத்தூள் நெஞ்சுக்குக் கெடுதல். வெளியே வைத்து, முகமூடி அணிந்து செய்யுங்கள். பழைய பெயிண்ட் பூசிய சாமானில் ஈயம் கலந்திருக்கலாம். அதைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இழைக்காதீர்கள்.

உயிரோடு விளையாடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள அனைவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். துணி வெளுக்கும் குளோரின் நீரோடு காடியையோ எலுமிச்சையையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்க்கக் கூடாது. மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். அதோடு அமோனியாவையும் சேர்க்கக் கூடாது. ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து அமோனியாதான் என்பது பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். அது வீட்டில் இருந்தால் குளோரின் நீர் இருக்கும் பக்கமே வைக்காதீர்கள். இரண்டு மருந்து கலந்தால் இரண்டு மடங்கு வெளுக்கும் என்று எண்ணிக் குளியலறையை மூடிக்கொண்டு கலப்பவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

அடுத்து, எந்த மருந்தையும் சோடாப் போத்தலிலோ மினரல் தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். களைக்கொல்லி மருந்தை அப்படி ஊற்றி வைத்ததால் தோட்டங்களில் நேர்ந்த துயரங்கள் நமக்குப் புதியவை அல்ல. பாராக்குவாட் மருந்து 2020-ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் போத்தல் மாற்றி ஊற்றும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. டர்பன்டைனும் ஸ்பிரிட்டும் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

எல்லாக் கறையும் போகத்தான் வேண்டுமா?

ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதத்தை இங்கே குறிப்பிட வேண்டும். தோட்டம் மூடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது லயத்திலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு பெஞ்சாம். அவருடைய மாமனார் தம் கையால் செய்தது. அதில் மாமியார் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து வெற்றிலை போட்ட இடத்தில் செந்நிறக் கறையும், சுண்ணாம்பு தடவிய விரல் அடையாளமும் இருக்கின்றனவாம். மகனுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மகன் பெஞ்சை வீசச் சொல்கிறான். கணவர் ஒன்றும் பேசாமல் இருக்கிறார். கறையைப் போக்க வழியுண்டா என்று கேட்கிறார்.

சகோதரி, வழி உண்டு. 120 எண் தாளை வாங்கி ஒரு பகல் முழுவதும் இழைத்தால் அந்தக் கறை பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதற்கு முன் உங்கள் கணவரைத் தனியாகக் கேளுங்கள். அவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கும். பெஞ்சின் கால்களையும் ஓரங்களையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சொரசொரப்பை மட்டும் மிருதுவான தாளால் நீக்கி, மெழுகு பூசி வையுங்கள். அது பழைய பெஞ்சாகத் தெரியும். அழுக்குப் பெஞ்சாகத் தெரியாது. மாமியாரின் விரல் அடையாளம் இருக்கலாம். பெண் வீட்டார் கேட்டால், இது எங்கள் தாத்தா செய்தது, இங்கேதான் எங்கள் பாட்டி உட்காருவார் என்று உங்கள் மகனே சொல்லட்டும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அழுக்கு வேறு, அடையாளம் வேறு. அழுக்கைத் துடைக்கத்தான் வேண்டும். அடையாளத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வீட்டிலுள்ளவர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

கறை நீங்கிய பிறகு

சுத்தம் செய்த மரத்தை மீண்டும் வெறுமையாக விட்டால் அடுத்த கறைக்கு அழைப்பு விடுத்ததாகும். இரண்டு மூன்று நாட்கள் நன்றாக உலரவிட்டு, தூளைத் துடைத்து, தெளிந்த வார்னிஷை இரண்டு தடவை பூசுங்கள். முதல் பூச்சு காய்ந்ததும் 240 எண் தாளால் லேசாகத் தடவிவிட்டு இரண்டாவது பூச்சுப் போட வேண்டும். வார்னிஷ் வேண்டாம் என்பவர்கள் மர மெழுகு பூசலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஒன்று கவனியுங்கள். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

சப்பாத்திக் கட்டைக்கும் காய் நறுக்கும் பலகைக்கும் வார்னிஷ் கூடாது. உப்பும் எலுமிச்சை மூடியும் கொண்டு தேய்த்து, உடனே துடைத்து, நிமிர்த்தி வைத்து உலர்த்தினால் போதும்.

உங்கள் வீட்டில் கையாளும் வேறு முறைகள் இருந்தால் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும். அடுத்த மாதம், மழைக்காலத்தில் பள்ளிப் புத்தகங்களைப் பூஞ்சணமும் கரையானும் அரிக்காமல் காப்பது எப்படி என்று பார்ப்போம்.